மலையேறி வந்த பூட்டனைத் தேடுவோருக்கு: முரண்படும் குடும்ப ஆவணங்களைப் படிக்கும் முறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு, எஸ்டேட் வேலைக்காக முதன்முதலில் மலையேறி வந்த ஒரு பூட்டனோ பூட்டியோ உண்டு. அவர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடன் வந்தார் என்று வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்தால் அவையும் ஒத்துப் பேசுவதில்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) படிவத்தில் ஒரு பிறந்த தேதியும், கிறிஸ்தவ சபையின் திருமணப் பதிவேட்டில் அதற்குப் பொருந்தாத ஒரு வயதும், மகனுடைய பள்ளிச் சான்றிதழில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு தந்தை பெயரும் இருக்கும். அப்படிப்பட்ட காகிதக் கட்டு ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பவர் என்ன வரிசையில், எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

இந்தப் பகுதியில் பலரும் இத்தேடலில் இறங்குவது வம்ச வரலாற்றின் மீதுள்ள ஆர்வத்தினால் மட்டும் அன்று. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியானது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர், தாம் புறப்பட்டு வந்த மாநிலத்தின் பட்டியலுக்கே உரியவராகக் கருதப்படுகிறார். ஆகவே பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் எஸ்டேட் குடும்பம், தன் முன்னோர் அந்தத் தேதிக்கு முன்பே இம்மலையில் குடியிருந்தார் என்று காட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. காரணம் எதுவாயினும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

எந்த ஆவணம் சரியானது என்ற கேள்வியோடு தொடங்குபவர் விரைவில் சலித்துப்போவார். ஒரு பதிவை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் வாயிலிருந்து கேட்டு எழுதினார், எதற்காக எழுதினார் என்ற நான்கையும் கேட்க வேண்டும். பெரும்பான்மையைப் பார்த்து முடிவு கட்டுவதும் கூடாது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் ஒரே தேதி இருந்தால், அவற்றுள் முதலில் எடுக்கப்பட்டதைப் பார்த்தே மற்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கும். அங்கே இருப்பது ஒரு சாட்சிதானேயன்றி நான்கு அல்ல. அவற்றோடு முரண்படும் ஐந்தாவது காகிதம் தனியாக எழுதப்பட்டது என்றால் அதன் எடை குறைந்ததாகிவிடாது.

காகிதங்களைச் சேர்த்தல்

முதலில் வீட்டில் உள்ளவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ரேஷன் கார்டின் பின்புறத்திலும் பள்ளிச் சான்றிதழின் ஓரத்திலும் உள்ள கையெழுத்துக் குறிப்புகளே பல சமயம் பயன் தருகின்றன. படங்களை மலையில் இல்லாத ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசே தனி அதாலத்துகள் (குறைதீர்ப்பு முகாம்கள்) நடத்த வேண்டியிருந்ததை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

வீடு என்று இங்கே சொல்வது நீங்கள் குடியிருக்கும் வீட்டை மட்டும் அன்று. ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்தை (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை) காலி செய்ய வேண்டியிருப்பதால், பழைய காகிதங்கள் அவரோடு சொந்த ஊருக்கோ, மகள் கட்டிக்கொண்டு போன ஊருக்கோ போயிருக்கும். போடி, கம்பம், ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுப் பரணில் இருப்பது, மூணாறில் உள்ள எந்த அலுவலகத்திலும் கிடைக்காததாக இருக்கலாம். குறிப்பாகக் கல்யாண மொய் நோட்டுகளைக் கேளுங்கள். மொய் எழுதியவர் பெயருக்கு முன்னால் ஊரையோ எஸ்டேட் டிவிஷனையோ சேர்த்து எழுதுவது வழக்கம்; ஒரு தலைமுறையின் உறவு முழுவதும் ஊர்வாரியாக அந்த நோட்டில் கிடைத்துவிடும். அதில் பொய் சொல்வதற்கு யாருக்கும் காரணம் இல்லை என்பதால், அரசாங்க முத்திரை குத்திய சில தாள்களைவிட அதை நான் அதிகம் நம்புவேன்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரே காகிதத்தில் ஐந்து செய்திகள் இருந்தால் ஐந்து வரிகள் வேண்டும். ஏனென்றால் மரணச் சான்றிதழ் ஒன்றில் இறந்த தேதி நம்பத்தக்கதாகவும் பிறந்த ஊர் வெறும் ஊகமாகவும் இருக்கக்கூடும். முன்னதை அருகிலிருந்து கண்டவர் சொன்னார். பின்னது அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தது. எழுதும்போது எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். மலையாளத்தில் இருப்பதை மலையாள எழுத்திலேயே ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் எழுதி வைப்பது நல்லது.

பெரியவர்களிடம் கேட்பது

காகிதத்தை முடித்துவிட்டுப் பெரியவர்களிடம் போகலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்; காகிதம் காத்திருக்கும். எண்பது வயதுப் பாட்டியிடம் ‘தாத்தாவின் அப்பா எந்த வருஷம் வந்தார்’ என்று கேட்டால், யாரோ முன்பு சொன்ன ஒரு வருஷத்தையோ தோராயமான ஒரு வருஷத்தையோ சொல்லிவிடுவார், அதன் பிறகு அதையே பிடித்துக்கொள்வார். ‘வெள்ளத்துக்கு முன்னாலயா பின்னாலயா பாட்டி? மூத்த பிள்ளை எந்த எஸ்டேட்ல பிறந்துச்சு? கங்காணி யாரு, அவருக்கு எந்த ஊரு? வரும்போது நடந்து வந்தாங்களா, வண்டியிலயா?’ என்று நிகழ்ச்சிகளைச் சுற்றிக் கேளுங்கள். (இங்கே வெள்ளம் என்பது 1924இல் வந்தது; கங்காணி என்பவர் ஊரில் ஆள் சேர்த்து எஸ்டேட்டுக்கு அழைத்து வந்தவர்.) சொன்னதைத் திருத்தாமல் பதிவு செய்யுங்கள். ‘இல்ல பாட்டி, கார்டுல வேற மாதிரி இருக்கே’ என்று மறுத்துப் பேசினால் அடுத்த முறை கார்டில் உள்ளதையே அவரும் சொல்வார், ஒரு தனிச் சாட்சியை இழந்துவிடுவீர்கள்.

தந்தை வழியோடு நிறுத்திக்கொள்வது பலரும் செய்யும் பிழை. கொழுந்து கிள்ளிய பெண்கள் செக்ரோலில் (எஸ்டேட்டின் வருகை, கூலிப் பதிவேட்டில்) தங்கள் பெயரிலேயே இருந்தவர்கள். பூட்டியின் பிறந்த ஊரில் அவருடைய அண்ணன் தம்பி வழியினர் இருப்பார்கள். மலைக்குப் போன தங்கையைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் அவர்கள் வைத்திருக்கும் நினைவு, உங்கள் வீட்டு நினைவோடு கலக்காமல் தனியாக வளர்ந்த ஒன்று.

ஆண்டுகளைக் கணக்கிடுதல்

பழைய குறிப்புகளில் ஆங்கில ஆண்டு அரிதாகவே இருக்கும். திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்தது. அது ஆவணி மாதம், அதாவது ஆகஸ்டு நடுவில், தொடங்குகிறது. ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்குக் கொல்லம் ஆண்டோடு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். ஆக, 1099 ஆவணி என்றால் 1923. 1099 ஆடி என்றால் 1924. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஓராண்டு பிசகும்.

மலைப்பகுதியில் எல்லோரும் சொல்லும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ இந்த 1099ஐக் குறிப்பதுதான். 1924 ஜூலையில் நடந்த அது, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்துவிட்டது. பாதை மறுபடி போடப்படவில்லை. தேடுவோருக்கு இது ஓர் அளவுகோல். 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் குறுகிய பாதையாக மாற்றப்பட்ட அந்த ரயிலை ஒருவர் கண்ணால் பார்த்ததாகக் குடும்பத்தில் சொல்லிவந்தால், அவர் 1924 ஜூலைக்கு முன்பு மலையில் இருந்தவர். வெள்ளம் வந்தபோது இருந்தார் என்ற பேச்சுக்கு இத்தனை வலு கிடையாது; பெரிய நிகழ்ச்சிகளில் தாமும் இருந்ததாக நினைவு தானாகவே நகர்ந்துகொள்வதுண்டு.

அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர்கள் இன்னொரு சிக்கல். ‘தாது வருஷத்தில் பிறந்தவர்’ என்றால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம்மவர் சொன்னார்கள் என்பதால், பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தாது பழையது. கொல்லம் ஆண்டும் தமிழ் ஆண்டுப் பெயரும் ஒரே குறிப்பில் சேர்ந்து வந்தால் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம்: 1099 ஆடிக்கு உரியது ரக்தாட்சி. வேறு பெயர் எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு நிகழ்ச்சி நடந்து பல காலம் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதோ என்று ஐயப்பட வேண்டும்.

வயதுக் குழப்பம்

வயதில்தான் முரண் அதிகம், அதற்கான காரணங்களும் தெளிவானவை. பள்ளியில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேல் வளைத்து மறு காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, மே மாதக் கடைசியிலோ ஜூன் மாதத் தொடக்கத்திலோ ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் உண்டு. எஸ்டேட்டில் முழுக் கூலி கிடைக்க வயதைக் கூட்டிச் சொல்வதில் ஆதாயம் இருந்தது. ஓய்வு வயது வந்த பின்பு குறைத்துச் சொல்வதில் ஆதாயம் இருந்தது. எனவே ஜனவரி 1, ஜூன் 1 போன்ற தேதிகளைக் கண்டால் அவை எழுதுவோரின் வசதிக்காகப் பிறந்தவை என்று கொள்ளலாம். வயது 25, 30, 40 என்று முழு எண்ணாக இருந்தால் முன்பின் மூன்று ஆண்டு விட்டுவிடுங்கள்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பூட்டனைப் பற்றி நான்கு செய்திகள் கிடைத்துள்ளன. பி.எஃப். படிவத்தில் பிறந்த தேதி 1.1.1912. மூணாறில் 1931இல் நடந்த திருமணத்தின் பதிவில் மாப்பிள்ளைக்கு வயது 25. ஊரில் தகப்பனுடைய நிலத்தை விற்ற 1927ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில், தாயோடும் அண்ணனோடும் அவரும் தாமாகவே கைநாட்டு வைத்திருக்கிறார். பாட்டியோ, ‘வெள்ளத்துக்கு மறு வருஷம், பன்னிரண்டு வயசுப் பையனா வந்தாக’ என்கிறார்.

பி.எஃப். தேதியையும் பாட்டியின் பேச்சையும் சேர்த்தால் பிறப்பு 1912, 1913 என்று அழகாகப் பொருந்துகிறது; புதியவர் இங்கேயே கணக்கை மூடிவிடுவார். பத்திரத்தைப் பாருங்கள். 1875ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் மைனர். மைனராக இருந்திருந்தால் ‘மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்று தாயின் பெயரில்தான் எழுதியிருப்பார்கள். அவர் தாமே கைநாட்டு வைத்ததால் 1927இல் பதினெட்டு நிறைந்தவர், அதாவது 1909க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. மைனர் சொத்தை வாங்கத் தயங்குவோருக்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பது நியாயமான ஐயம்தான். ஆனால் சார்பதிவாளர் முன்னிலையில், அடையாளம் காட்டும் சாட்சிகளோடு நின்று பதினைந்து வயதுப் பையனைப் பதினெட்டு என்று சொல்வது கடினம். திருமணப் பதிவின் 25ஐ முன்பின் மூன்று தள்ளினால் 1903 முதல் 1909 வரை வருகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பாராமல், இரு வேறு ஊர்களில், இரு வேறு தேவைகளுக்காக எழுதப்பட்டவை. பி.எஃப். படிவமோ பல ஆண்டு கழித்து, ஓய்வை மனத்தில் வைத்து நிரப்பப்பட்டது.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? அவர் இரண்டு செய்திகளைச் சொன்னார்: பன்னிரண்டு வயது, வெள்ளத்துக்கு மறு வருஷம். எஸ்டேட்டுக்கு வந்தவர்கள் ஒரே தடவையில் வந்து தங்கிவிடவில்லை. நன்மை தின்மைக்கு ஊருக்குப் போனார்கள், சில காலம் தங்கினார்கள், மறுபடி வந்தார்கள். 1915க்கும் 1921க்கும் இடையில் சிறுவனாகப் பெற்றோருடன் ஒரு முறை வந்து திரும்பி, வெள்ளத்துக்குப் பின் வாலிபனாக மறுபடி வந்திருந்தால் இரண்டு செய்திகளும் உண்மையே. இரண்டு பயணங்கள் ஒரு வாக்கியமாகிவிட்டன. இது இன்னும் நிரூபிக்கப்படாத ஊகம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, பாட்டியிடம் அடுத்த முறை ரயிலைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறந்த ஆண்டு என்ற இடத்தில் ‘1903க்கும் 1909க்கும் இடையில்’ என்று எழுதுங்கள். நடுவில் உள்ள 1906ஐத் தேர்ந்து எழுதினால் அடுத்த தலைமுறை அதையே ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளும்.

பெயர்கள்

ஒரே ஆள் கருப்பன், கருப்பையா, கருப்பசாமி என்று மூன்று பதிவுகளில் இருப்பது மிகச் சாதாரணம். பழைய பதிவேடுகளில் ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்களை எழுத்தர்கள் ‘அன்’ விகுதியோடு குறுக்கி எழுதினார்கள். பிள்ளைகள் படித்து எழுதத் தொடங்கியதும் தகப்பன் பெயரை மரியாதையோடு நீட்டி எழுதினார்கள். ஆகவே பெயர் நீளுவது காலம் நகர்வதன் அடையாளம். ஞானஸ்நானம் பெற்றவருக்குச் சபையில் ஒரு பெயரும் செக்ரோலில் பழைய பெயரும் கடைசி வரை நீடித்திருக்கும். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் மறைந்துவிடுவதால் மாரியும் மரியும் ஒன்றாகத் தெரிவார்கள். மதம் மாறிய குடும்பத்தில் இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும்.

இன்ஷியலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தமிழ் வழக்கப்படி அது தகப்பன் பெயரின் முதலெழுத்து. கேரளத்து எழுத்தர் வீட்டுப்பெயரைக் கேட்டிருப்பார். வீட்டுப்பெயர் என்ற ஒன்று இல்லாத நம்மவர் ஊர்ப்பெயரையோ எஸ்டேட் பெயரையோ சொல்லியிருப்பார். ஒரே ‘கே’ என்ற எழுத்து ஓரிடத்தில் கருப்பனையும் இன்னோரிடத்தில் குண்டளையையும் குறிக்கும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு: இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர்ச் சோடி ஒரு தலைமுறை விட்டுத் திரும்பி வரும். மாடசாமி மகன் சுடலைமுத்து 1915இல் ஒரு பதிவிலும் 1960இல் இன்னொரு பதிவிலும் இருந்தால், முன்னவர் தாத்தாவாகவும் பின்னவர் பேரனாகவும் இருக்கலாம்; சித்தப்பா மகனும் அதே பெயரில் பக்கத்து லயத்தில் இருந்திருக்கலாம். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தினால் போதாது. மனைவி பெயர், உடன்பிறந்தார், டிவிஷன், கங்காணி ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் சேர்ந்து பொருந்தும் வரை இரண்டு ஆட்களாகவே வைத்திருங்கள். பிறகு ஒன்றாக்குவது எளிது. ஒன்றாக்கியதைப் பிரிப்பது கடினம்.

எந்த ஊர்?

ஊர் குறித்த முரண்களில் பாதி, எல்லைகளை மாற்றி வரைந்ததனால் வந்தவை. ராமநாதபுரம் ஜில்லா 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. எனவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தாம் திருநெல்வேலி ஜில்லா என்று சொல்ல, அவர் மகன் ராமநாதபுரம் என்றும், 1985க்குப் பிறகு பேரன் காமராஜர் மாவட்டம் என்றும், கொள்ளுப்பேரன் விருதுநகர் என்றும் எழுதியிருப்பார்கள். நால்வரும் சொன்னது ஒரே ஊரைத்தான். பெரியகுளம், உத்தமபாளையம் தாலுகாக்கள் 1996 வரை மதுரையைச் சேர்ந்தவை, அதன் பின் தேனி. சங்கரன்கோவில் 2019இல் தென்காசிக்குப் போனது. மலைப்பக்கத்திலும் அப்படியே: தேவிகுளமும் பீர்மேடும் 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் உருவாகும் வரை கோட்டயம் மாவட்டம்.

இதில் புதியவர் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ‘பிறந்த இடம்: திருவிதாங்கூர்’ என்று ஒரு காகிதத்தில் கண்டதும், பூட்டன் எஸ்டேட்டிலேயே பிறந்தவர் என்று மகிழ்ந்துவிடுவார்கள். 1956 நவம்பர் 1க்கு முன் செங்கோட்டையும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்ப் பகுதிக்குள்ளேயே இருந்தன. அங்கே பிறந்து மலைக்கு வந்தவரும் திருவிதாங்கூரில் பிறந்தவரே.

‘போடியிலிருந்து வந்தோம்’ என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதைக்குப் போடிதான் வாசல். எங்கிருந்து வந்தவரும் அங்கே ஓரிரவு தங்கித்தான் ஏறினார். கடைசியாகத் தங்கிய ஊர் பிள்ளைகளின் நினைவில் சொந்த ஊராகிவிடும்.

ஊர் தெரியவே இல்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கங்காணி. கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் சொந்தத்திலுமே முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். உங்கள் பூட்டனின் ஊரை எந்தக் காகிதமும் சொல்லாத இடத்தில், கங்காணியின் ஊரைக் கேட்டால் அந்த லயத்துப் பெரியவர்கள் உடனே சொல்வார்கள்; கூட வந்த மற்றக் குடும்பங்களின் ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வட்டாரம் தெளிவாகிவிடும். இரண்டாவது குலதெய்வம். குடும்பம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலைத் தேடிப் போவதாக இருந்தால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தையும், மாசிச் சிவராத்திரிக்குப் போவதாக இருந்தால் மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கத்தையும் முதலில் தேடலாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். கோயிலைக் கண்டுபிடித்துவிட்டால், அங்கே வரி பிரிப்பவரிடம் தலைக்கட்டுப் பட்டியல் (வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல்) இருக்கும். மலைக்குப் போன குடும்பங்களின் பெயரையும் அதில் விடாமல் வைத்திருப்பதைக் காணலாம்.

எங்கே போய்க் கேட்பது

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபைப் பதிவேடுகளே முதன்மையானவை. மூணாறில் மவுண்ட் கார்மல் கத்தோலிக்க ஆலயம் 1898இல் தொடங்கியது, இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வசமுள்ள கிறைஸ்ட் சர்ச் 1911இல் திறக்கப்பட்டது. கத்தோலிக்கரில் ஒரு வசதி உண்டு: 1908 முதல், ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கு ஆலயத்துக்கு அதைத் தெரிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. மூணாறில் நடந்த திருமணத்தின் குறிப்பு சொந்த ஊர்ப் பதிவேட்டின் ஓரத்தில் இருந்தால், இரண்டு ஊரிலும் உள்ளவர் ஒரே ஆள் என்பது கேள்விக்கு இடமின்றி உறுதியாகிவிடும். பதிவேட்டைப் பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, தேட வேண்டிய ஐந்தாறு ஆண்டுகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

எஸ்டேட் அலுவலகத்தில் மிகப் பழைய செக்ரோல்கள் இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். பி.எஃப்., கிராஜுவிட்டி தொடர்பான கோப்புகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் வாரிசுகளின் பெயரும் வயதும் இருக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவையும் கேளுங்கள். தனியாகப் போவதைவிடத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரோடு போவது பலன் தரும்.

சொந்த ஊர்ப் பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகமே பெரிய புதையல். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பத்திரத்தில் வரும் ஒவ்வொருவரின் குடியிருப்பு, தொழில், தகப்பன் பெயர் ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னது. இந்தியருக்குச் சாதியையும் அன்று சேர்த்துக் கேட்டது. மலையில் இருந்துகொண்டே ஊரில் சொத்துப் பங்கு விற்றவர் அல்லது வாங்கியவர் என்றால், எஸ்டேட்டின் பெயரும் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் ஒரே வாக்கியத்தில் கிடைக்கும். அந்தப் பத்திரம் 1950 ஆகஸ்டுக்கு முந்தியது என்றால் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோவதற்கும் அதைவிட நல்ல தாள் இல்லை. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தியவற்றுக்கு நேரில் மனுக் கொடுத்துக் குறியீட்டுப் புத்தகத்தைத் தேடச் சொல்ல வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கேட்கும்போது, சென்னை மாகாணத்துப் பழைய பதிவுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இராது, தகப்பன் பெயரும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதும்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெயரைச் சொல்லித் தேடிவிட்டு இல்லை என்று வருவோர் பலர்; தகப்பன் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். வாக்காளர் பட்டியல்களில், கேரளத்தின் 2002ஆம் ஆண்டுப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. 2025இல் தொடங்கிய சிறப்புத் திருத்தத்துக்காகப் பலர் அதை ஏற்கெனவே புரட்டியிருப்பார்கள். அதில் தாத்தா தலைமுறையின் உறவுமுறைகளைப் பிடிக்கலாம், வயதை நம்ப முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி ஆளின் பதிவைக் கேட்டு அலைய வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை யாருக்கும் காட்டமாட்டார்கள். திருவனந்தபுரத்திலும் சென்னை எழும்பூரிலும் உள்ள ஆவணக் காப்பகங்கள் எஸ்டேட் வரலாற்றை அறிய உதவும். ஆனால் கூலித் தொழிலாளி ஒருவரின் பெயரைத் தேடி அங்கே முதலில் போவது காலவிரயம்.

முடிவை எழுதுதல்

திரட்டியவற்றைக் காலவரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ஆதாரத்தையும், அதோடு முரண்படும் பதிவையும், முரண்பாடு எப்படி வந்திருக்கலாம் என்பதையும் குறியுங்கள். தீராத முரணை அப்படியே விட்டுவிடலாம். தீர்ந்துவிட்டதுபோல் எழுதுவதுதான் தவறு. பழைய காகிதத்தில் பேனாவால் எதையும் திருத்தாதீர்கள். ஓர் எழுத்தைத் திருத்திய தாள் அலுவலகத்தில் செல்லாத தாளாகிவிடும். வேறு யாரேனும் பின்னாளில் தேடும்போது முரணுக்கான தடயமும் அழிந்திருக்கும்.

குடும்பத்துக்காக எழுதும் இந்தப் பக்கமும் தாலுகா அலுவலகத்துக்குக் கொடுக்கும் கோப்பும் தனித்தனியாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு உங்கள் ஊகங்கள் தேவையில்லை; 1950 ஆகஸ்டுக்கு முந்திய தேதியும், அதில் உள்ளவரிலிருந்து உங்கள் வரை அறுபடாமல் வரும் தகப்பன் மகன் தொடர்ச்சியும் தேவை. அந்தத் தொடர்ச்சியில் ஒருவர் இரண்டு பெயர்களில் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சான்றிதழைக் கேரள வருவாய்த் துறை வில்லேஜ் ஆபீஸ் வழியாகக் கொடுக்கிறது. அட்சயா மையத்திலிருந்தே (கேரள அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்பிக்கலாம். போகும்போது இரண்டு பெயர்களையும் ஆவணத்தில் உள்ள எழுத்துக் கூட்டு மாறாமல், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே தட்டச்சு செய்பவர் காதால் கேட்டு அடித்தால், மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்துவிடும்.